ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து கடல் உயிர்த்தொழில்நுட்பப் பட்டம் வரை: முழுமையான வழிகாட்டி

பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். கடல் உயிர்த்தொழில்நுட்பம் என்றதும் முக்குளிப்பும் பவளப்பாறையும் கண்முன் வந்தால், அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் படிப்பின் பெரும்பகுதி குளிரூட்டிய ஆய்வகத்தில், கையுறை மாட்டி, மைக்ரோபிப்பெட் பிடித்தபடி கழியும். கடலிலிருந்து வருவது ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பிடி கடற்பாசி, ஓர் இறாலின் கல்லீரல்கணையம், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் நுண்ணுயிரை, மரபணுவை, வேதிப்பொருளைப் பயன்படும் பொருளாக்குவதுதான் வேலை. பிள்ளையைப் படகில் அனுப்பப் பயப்படும் அப்பா அம்மாவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தத் துறையில் என்ன செய்கிறார்கள் என்பதற்குச் சில உதாரணங்கள். கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் கிடைத்த மூலக்கூறுகளை வைத்து உருவான சைட்டரபீன், 1969 முதல் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து பிறந்த வலிநிவாரணி சிக்கோனோடைடு 2004இல் அனுமதி பெற்றது. ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்துக்காக ஒசாமு ஷிமோமுராவும் வேறு இருவரும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் கரையோரச் சேற்றில் ஊரும் பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டுக்கு அட்லாண்டிக் கடலில் ஓர் உறவினம் உண்டு. அதன் நீல இரத்தம்தான் ஊசிமருந்தில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்கப் பயன்பட்டு வருகிறது. பெருநாளுக்கு வீட்டில் காய்ச்சும் அகார்-அகார்கூட கடற்பாசிச் சரக்குதான். உலகத்து நுண்ணுயிர் ஆய்வகங்கள் எல்லாம் அந்த மலாய்ச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இறால் குளம். 2011 வாக்கில் மலேசியக் குளங்களில் குஞ்சு விட்ட ஒரு மாதத்துக்குள் இறால்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள்தான் காரணம் என்று 2013இல் தெரிந்தது. பிறகு அவை பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இரண்டு நச்சு மரபணுக்களைச் சுமக்கின்றன என்பதும் தெரிந்தது. அந்த மரபணுக்களைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை வந்த பிறகு, குஞ்சைக் குளத்தில் விடும் முன்பே நோயைப் பிடிக்க முடிகிறது. இந்தப் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

படிவம் 4, 5: எந்தப் பாடம் காப்பாற்றும்

உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் ஆகிய நான்கையும் எடுங்கள். உயிரியல் பிடிக்கிறது என்று இந்தத் துறைக்கு வருகிறவர்களைப் பல்கலைக்கழகத்தில் கவிழ்ப்பது வேதியியல்தான். மோலாரிட்டி, நீர்த்தல், பிஎச், கரிம வேதியியல் ஆகிய நான்கும் தினமும் வரும். 5 மோலார் உப்புக் கரைசலிலிருந்து 200 மில்லிலிட்டர் 0.5 மோலார் கரைசல் செய்ய எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கால்குலேட்டர் தொடாமல் 20 மில்லிலிட்டர் என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அதுதான் உங்கள் முதல் வீட்டுப்பாடம்.

தேசிய மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி. இவற்றை அலட்சியப்படுத்தி, அறிவியலில் ஏ வாங்கியும் வழி அடைபட்டு நிற்கிற பிள்ளைகள் உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒரு நோட்டுப்புத்தகத்தில் கலைச்சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தியாக எழுதி வாருங்கள். பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஒரு மொழியிலும் பாடநூல் இன்னொரு மொழியிலும் வரும்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை: ஆர்ட்டீமியா பொரித்தல்

இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கப் பணம் கட்டி முகாமுக்குப் போக வேண்டியதில்லை. மீன், இறால் குஞ்சுகளுக்கு உணவாகும் சிறு உப்புநீர் உயிரிதான் ஆர்ட்டீமியா. அலங்கார மீன் கடையில் அதன் முட்டை சிறு டப்பாவில் கிடைக்கும். இறால், கெராப்பு (களவா) மீன் குஞ்சுப் பொரிப்பகங்கள் தினமும் செய்கிற வேலையைத்தான் இங்கே சிறிய அளவில் செய்யப்போகிறீர்கள்.

தேவையானவை: 1.5 லிட்டர் பிளாஸ்டிக் போத்தல், மீன்தொட்டிக் காற்றுப் பம்பும் குழாயும், சமையலறைத் தராசு, மேசை விளக்கு, 1 மில்லிலிட்டர் ஊசிக்குழல்.

குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் மூடாமல் வைத்துக் குளோரினைப் போக்குங்கள். 30 கிராம் உப்பில் தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டராக்குங்கள். சமையல் உப்பில் அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கலந்திருக்கும் என்பதால், மீன் கடை உப்பே நல்லது. நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, பிஎச் சட்டென்று இறங்கும். அதைத் தாங்க அரைக் கிராம் சமையல் சோடா போடுங்கள். போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, காற்றுக் குழாயின் முனை மூடிவரை இறங்கும்படி விடுங்கள். 1 கிராம் முட்டையைப் போட்டு, காற்றை வேகமாக விட்டு, விளக்கைப் பக்கத்தில் வையுங்கள். 28 டிகிரி செல்சியஸ் வேண்டும், நம் ஊரில் அது இலவசம். 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் துள்ளும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் எண்ணினால்தான் இது சோதனை. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 மில்லிலிட்டர் எடுத்து, உப்புநீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்குங்கள். அதிலிருந்து 1 மில்லிலிட்டர் வீதம் ஐந்து முறை வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரு சொட்டு அயோடின் டிங்சர் போட்டு எண்ணுங்கள். சராசரி 18 என்றால், 10 மடங்கு நீர்த்ததால் மில்லிலிட்டருக்கு 180, லிட்டருக்கு 180,000. நல்ல முட்டையில் ஒரு கிராமுக்கு 200,000க்கு மேல் வரும்.

குறைந்தால் காரணம் தேடுங்கள். நுண்துளைக் காற்றுக்கல் போட்டிருந்தால் நுரை எழும்பி முட்டைகள் போத்தல் சுவரில் ஒட்டிக் காய்ந்திருக்கும், வெறும் குழாயே போதும். டப்பா திறந்து நாளாகியிருந்தால் முட்டை ஈரம் வாங்கியிருக்கும். ஐந்து எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் நீங்கள் சரியாகக் கலக்கவில்லை. இந்தக் காரணம் தேடும் வேலை அலுப்பாக இருந்தால் வேறு துறை பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஸ்பிஎம்முக்குப் பின்

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு முக்கிய வழிகள் இரண்டு. பல்கலைக்கழக முன்தயாரிப்பான மெட்ரிகுலேஷன் ஓராண்டு, பேராக் கல்லூரி கோப்பெங்கில் இருக்கிறது. உயிரியல் இல்லாத பிரிவும் அங்கே உண்டு. கிடைத்த இடம் போதும் என்று அதில் சேர்ந்தால் பின்னால் உயிரியல் சார்ந்த படிப்புகளின் கதவு அடைபடும், பிரிவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று எஸ்டிபிஎம் தேர்வில் முடியும் ஆறாம் படிவம். நம் ஊரிலிருந்து தெலுக் இந்தானுக்குப் பேருந்தில் போய்வரலாம், செலவு குறைவு, வீட்டுச் சாப்பாடு. எஸ்டிபிஎம் கடினம் என்ற பேச்சு உண்மைதான். ஆனால் எஸ்டிபிஎம் வேதியியலைக் கடந்தவர்களுக்குப் பட்டப்படிப்பின் முதலாண்டு பழகிய பாதை போல இருக்கும்.

நுழைவுத் தகுதியில் மெரிட் மதிப்பெண் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். சிஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 3.50 என்றால் 3.50ஐ 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்க 78.75. புறப்பாடத்தில் 8 இருந்தால் மொத்தம் 86.75. புறப்பாட மதிப்பெண் 5ஆக இருந்தால் 83.75தான். அந்த மூன்றைக் கல்வியில் ஈடுகட்ட சிஜிபிஏயை 3.63க்கு மேல் தூக்க வேண்டும். சாரணர் இயக்கத்துக்கோ அறிவியல் கழகத்துக்கோ போவது எவ்வளவு மலிவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூயேட் என்ற ஆங்கிலத் தேர்வை முதல் வாய்ப்பிலேயே எழுதுங்கள், பேண்ட் போதாவிட்டால் மறுபடி எழுத நேரம் இருக்கும்.

பெயரைப் பார்க்காதீர்கள், பாட அமைப்பைப் பாருங்கள்

"கடல் உயிர்த்தொழில்நுட்பம்" என்று சான்றிதழில் அப்படியே அச்சாக வேண்டும் என்று தேடினால் ஏமாற்றம்தான். பாடநெறிப் பெயர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். உண்மையில் பாதை இரண்டு: உயிர்த்தொழில்நுட்பப் பட்டம் எடுத்து இறுதியாண்டு ஆய்வைக் கடல் உயிரில் செய்வது, அல்லது கடல் அறிவியல், கடல் உயிரியல், நீருயிர் வளர்ப்புப் பட்டம் எடுத்து இறுதியாண்டு ஆய்வை மூலக்கூறு ஆய்வகத்தில் செய்வது. வேலைதான் முக்கியம் என்றால் முதல் பாதையைச் சொல்வோம், ஏனென்றால் மருந்து, உணவு, கையுறைத் தொழிற்சாலைகளின் தர ஆய்வகங்களும் அந்தப் பட்டத்தை ஏற்கும். இறால், மீன் பண்ணைதான் உங்கள் ஆசை என்றால் இரண்டாவது.

குவாலா நெருஸில் இருக்கும் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகம் இந்தத் துறையின் தாய்வீடு மாதிரி. கடலை ஒட்டிய வளாகம், நீருயிர் வளர்ப்புக்கும் கடல் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் தனி ஆய்வுப் பிரிவுகள். கோத்தா கினபாலுவில் சபா பல்கலைக்கழகத்தின் போர்னியோ கடல் ஆய்வு நிலையம் கெராப்பு கலப்பினங்களுக்குப் பெயர்போனது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் கடல் அறிவியல் நடத்துகிறது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தெலுக் பகாங்கில் கடல் ஆய்வு மையம் உண்டு. புத்ரா பல்கலைக்கழகத்துக்கு செர்டாங்கில் உயிர்த்தொழில்நுட்பப் புலமும் போர்ட்டிக்சனில் நீருயிர் வளர்ப்பு நிலையமும் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் நிலையம் கிளந்தான் பாச்சோக்கில். அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் குவாந்தானில் கடல் அறிவியல் நடத்துகிறது. தனியாரில், கெடா பீடோங்கின் ஏய்ம்ஸ்ட் உயிர்த்தொழில்நுட்பப் பட்டம் தருகிறது.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரு மாலை செலவழியுங்கள். பாடநெறி அமைப்பைத் தரவிறக்கி, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மூலக்கூறு உயிரியல், புள்ளியியல் ஆகியவற்றுக்கு எத்தனை கிரெடிட் என்று கூட்டுங்கள். பிறகு விரிவுரையாளர்களின் பெயர்களை கூகுள் ஸ்காலரில் போட்டு, கடந்த ஐந்தாண்டில் கடற்பாசி, நுண்பாசி, விப்ரியோ, இறால் நோய் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். மூன்று பேர் இருந்தால் அந்த இடம் தேறும். வண்ண வண்ணக் கையேட்டைவிட இந்தப் பட்டியல் நேர்மையானது.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் தகுதி நிபந்தனையைக் கடைசி வரி வரை படியுங்கள். சில அறிவியல் பாடநெறிகளில் நிறக்குருடு பற்றிய நிபந்தனை இருக்கும், நேர்முகத் தேர்வும் இருக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக் காலம் குறுகியது, அறிவிப்பு வந்த அன்றே தொடங்குங்கள். பணத்துக்கு பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் உண்டு, அதற்கு முதலில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். கடன் பணம் பதிவு நாளன்று கையில் வராது. பதிவுக் கட்டணம், விடுதி, பேருந்து, முதல் மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்கு வீட்டில் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். எம்ஐஇடி கல்வி நிதியத்தின் கடனுதவியையும் மாநில அறக்கட்டளைகளையும் விசாரியுங்கள். முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், நிபந்தனைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் எங்கே சறுக்கும்

முதலாண்டு பெரும்பாலும் பள்ளிப் பாடத்தின் நீட்சி, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டாம் ஆண்டில்தான் கடல் மாதிரிகள் தம் குணத்தைக் காட்டும்.

கடல் பாக்டீரியாவைச் சாதாரண ஊட்ட அகாரில் போட்டால் பல முளைக்கவே முளைக்காது, அவற்றுக்குச் சோடியம் வேண்டும். அதற்குத்தான் மரீன் அகார் 2216, லிட்டருக்கு 55.1 கிராம், 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் நுண்ணுயிரைக் கொல்லும் கலம்). விப்ரியோவுக்கான டிசிபிஎஸ் அகாரை அப்படிச் செய்யக் கூடாது, கொதிக்கவைத்தால் போதும். பழக்கதோஷத்தில் ஆட்டோகிளேவில் வைத்துப் பாழாக்குவது எல்லா வகுப்பிலும் நடக்கிற கூத்து. டிசிபிஎஸ்ஸில் சுக்ரோஸைப் புளிக்கவைக்கும் விப்ரியோ மஞ்சளாகவும், பாராஹீமோலிட்டிக்கஸ் பச்சையாகவும் தெரியும். நிறத்தை மட்டும் வைத்து இனத்தை முடிவுசெய்யாதீர்கள். தட்டைப் பல நாள் விட்டுவைத்தால் மஞ்சள் பச்சையாகத் திரும்பும், 18 முதல் 24 மணி நேரத்துக்குள் படித்துவிட வேண்டும்.

டிஎன்ஏ பிரித்தெடுப்பில் கடற்பாசி பெரிய தொல்லை. எந்த அகாருக்காக அதைப் போற்றுகிறோமோ அதே பசைப்பொருள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து, குழாயின் அடியில் ஜெல்லியாக உட்காரும். சிடிஏபி என்ற சோப்புப் பொருளால் டிஎன்ஏவைப் பிரிக்கும் முறையில் உப்புச் செறிவை உயர்த்தி, பிவிபி என்ற பலபடிப் பொருளைச் சேர்த்து, 65 டிகிரியில் வைத்தால் குறையும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் இன்னொரு வில்லன்: மட்கிய இலையின் ஹியூமிக் அமிலம். டிஎன்ஏ லேசான பழுப்பாக இருந்தால் அதுதான். டிஎன்ஏவின் தூய்மையை ஒளி உறிஞ்சும் அளவை வைத்துப் பார்ப்பார்கள். அதில் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக வந்தாலும் 260/230 ஒன்றுக்குக் கீழே இருந்தால் பிசிஆர் படுத்துவிடும். அப்போது பலர் டிஎன்ஏவை இன்னும் கூடுதலாகப் போடுவார்கள், அதோடு தடுப்பானும் கூடும். செய்ய வேண்டியது நேர்மாறு: பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், அல்லது சிறிது பிஎஸ்ஏ புரதம் சேருங்கள்.

பாக்டீரியாவை அடையாளம் காண, எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவை 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பெருக்குவார்கள், ஏறத்தாழ 1,500 காரஇணைகள். 1 விழுக்காடு அகரோஸ் ஜெல்லில் கோடு அங்கே வர வேண்டும். நீர் மட்டும் போட்ட கட்டுப்பாட்டுக் குழாயிலும் கோடு வந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பை. மனது கேட்காது, ஆனாலும் தூக்கிப் போடுங்கள்.

இறுதியாண்டு ஆய்வு: தோட்டத்தையே பயன்படுத்துங்கள்

மாணவர்கள் எஃப்ஒய்பி என்று சொல்லும் இந்த ஆய்வுதான் உங்கள் உண்மையான பட்டம். வேலைக்கான நேர்முகத்தில் முதல் கேள்வியே இதிலிருந்து வரும். நம் ஊருக்குப் பொருந்தும் ஒரு தலைப்பு: செம்பனை ஆலைக் கழிவுநீரில் கடல் நுண்பாசி வளர்ப்பது. ஆலையிலிருந்து வெளிவரும் கழிவுநீர் 80 டிகிரிக்கு மேல் சூடு, பிஎச் 4 முதல் 5, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பதால் பாசிக்கு உரமாகும். ஆனால் காப்பி நிறம் வெளிச்சத்தை மறைத்துவிடும், அதனால் நீர்த்தாக வேண்டும்.

நன்னோகுளோரோப்சிஸ் பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்/2 என்ற வழக்கமான பாசி ஊட்டக் கரைசல் கட்டுப்பாடு, கழிவுநீர் 5, 10, 15 விழுக்காடு என நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று குடுவை, மொத்தம் 12. ஒரே குடுவையிலிருந்து மூன்று முறை எண்ணுவது மூன்று மறுபிரதி ஆகாது, தேர்வாளர் முதலில் கேட்பது இதைத்தான். எஃப்/2வில் லிட்டருக்கு சோடியம் நைட்ரேட் 75 மில்லிகிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 மில்லிகிராம், அதோடு நுண்ணுலோகங்களும் வைட்டமின்களும். வைட்டமின்களை ஆட்டோகிளேவில் வைத்தால் சிதைந்துவிடும், ஆறிய பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் சேருங்கள். பாஸ்பேட்டையும் அப்படியே, இல்லாவிட்டால் கடல்நீரில் வெள்ளையாகப் படியும். சிலிகேட் சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் பாசிக்குத்தான் தேவை, இந்தப் பாசிக்கு வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடி) எண்ணுங்கள். மில்லிலிட்டருக்கு 200,000 செல் மூன்று நாளில் 1,600,000 ஆனால், 8இன் இயல் மடக்கை 2.08ஐ மூன்றால் வகுக்க வளர்ச்சி வீதம் நாளொன்றுக்கு 0.69. அதாவது தினம் ஒருமுறை இரட்டிக்கிறது. கழிவுநீர்க் குடுவையில் எண்ணிக்கை ஏறிச் சட்டென்று சரிந்தால் நுண்ணோக்கியில் பாருங்கள், பெரும்பாலும் ஒற்றைச்செல் சிலியேட் ஒன்று பாசியை மேய்ந்துகொண்டிருக்கும். கழிவுநீரை மையவிலக்கி, வடிகட்டி, நுண்ணுயிர் நீக்கிய பிறகே சேர்த்திருக்க வேண்டும்.

ஆலைக்குள் தனியாகப் போய் வாளியில் மொள்ளாதீர்கள். மேற்பார்வையாளரின் கடிதத்தோடு ஆலை மேலாளரைப் பாருங்கள், குளத்தின் எந்தக் கட்டத்தில் எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் குளத்து நீரும் கடைசிக் குளத்து நீரும் முற்றிலும் வேறு. தோட்டத்தில் சொந்தக்காரர் வேலை செய்தால் காரியம் சீக்கிரம் நடக்கும், ஆனாலும் கடிதம் இல்லாமல் வேண்டாம்.

கடல் மாதிரி எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று அனுமதி: உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுப்பதை 2017ஆம் ஆண்டின் 795ஆம் சட்டம் கட்டுப்படுத்துகிறது, கடல் பூங்காவில் தனி அனுமதியும் வேண்டும், மரபணு மாற்றிய உயிர் என்றால் 2007ஆம் ஆண்டின் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம். விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மற்றொன்று பருவமழை: கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை கடல் கொந்தளிக்கும், படகு போகாது. அக்டோபருக்குள் மாதிரி கையில் இல்லாதவர்கள் மார்ச்சில் அழுவார்கள். மேற்குக் கரையில் கெராங் சிப்பிப் படுகையையோ மாத்தாங் அலையாத்திக் காட்டையோ தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்துத் தாழ்நீருக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள்.

வேலை

"கடல் உயிர்த்தொழில்நுட்பவியலாளர்" என்று விளம்பரம் வருவது அபூர்வம். வருகிற பெயர்கள் இவை: இறால் பொரிப்பகத் தொழில்நுட்பர், நீருயிர் நோய் ஆய்வகப் பணியாளர், நுண்ணுயிர்த் தர ஆய்வாளர், ஆய்வு உதவியாளர். சபாவின் செம்போர்னா பக்கம் கடற்பாசி வளர்ப்பும் அதிலிருந்து கராஜீனன் என்ற பசைப்பொருள் எடுக்கும் தொழிலும் உண்டு. மீன்வளத் துறையின் ஆய்வு நிலையம் பினாங்கு பத்து மாவுங்கில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுத் தொழிற்பயிற்சியை வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த அலுவலகத்தில் கழிக்காமல் இப்படிப்பட்ட இடத்தில் செய்யுங்கள். பயிற்சி தொடங்க ஆறு மாதம் முன்பே கடிதம் எழுத வேண்டும். அதில் "கற்றுக்கொள்ள ஆர்வமாக உள்ளேன்" என்பதைவிட "டிசிபிஎஸ் தட்டுப் பரப்பலும் 16எஸ் பிசிஆரும் தனியாகச் செய்வேன்" என்ற ஒரு வரி கனமானது.